கட்டிலுக்குக் கீழே பன்னிரண்டு துளைகள்

செபமாலைமுத்து யாரையும் எளிதில் நம்புகிற மனிதர் இல்லை. லண்டன் சட்டனில் அவரைத் தெரிந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். வாசலில் பால்காரன் வைத்துவிட்டுப் போகிற போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். ஞாயிறு பூசை முடிந்து பாதிரியார் கைகொடுத்தால், இந்த மனுசன் இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குணத்துக்கென்றே செய்து வைத்தது மாதிரி ஒரு வேலையும் வாய்த்திருந்தது. குறொய்டன் பக்கம் ஒரு பெரிய களஞ்சியத்தின் வாசலில் செக்கியூரிட்டி. வெளியே போகிற ஒவ்வொரு வானையும் மறித்து, பின்கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஒப்புக்குப் பார்ப்பார்கள். இவர் சாக்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவுவார்.

அவருக்கு அப்போது வயது நாற்பது. மன்னாரிலிருந்து எண்பத்தேழில் லண்டனுக்கு வந்தவர். பிள்ளை குட்டி இல்லை. மனைவி மெற்றில்டா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். மெற்றில்டாவின் தம்பி றெஜினோல்ட் அவர்களோடேயே மேல் அறையில் இருந்தான். ஒரு கராஜில் மெக்கானிக். வாய் ஓயாத பொடியன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அந்தச் சிரிப்பே செபமாலைமுத்துவுக்குப் பிடிக்காது. காரணமில்லாமல் ஒருவன் இவ்வளவு சிரிப்பானா என்பது அவருடைய கேள்வி.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மெற்றில்டா மெல்லக் கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, வாற மாசி பதினோராந் திகதிக்கு லூர்து மாதாவிட்டப் போவமே?"

"மாசியிலயோ? சனமெல்லாம் ஆவணியில கோச் பிடிச்சுப் போகுது. நாங்கள் என்ன விசரே, பனிக்குள்ள போக?"

"பதினோராந் திகதிதானே மாதா காட்சி குடுத்த நாள்."

"எங்க தங்குறது? அந்த நேரம் ஹோட்டல் எல்லாம் பூட்டெண்டு சொல்லுறாங்கள்."

"அதுக்குத்தான் றெஜி ஒரு வழி பார்த்திருக்கிறான். அவன்ர முதலாளியிட்ட ஒரு கேம்பர் வான் நிக்குது. கோடையில வாடகைக்கு விடுறவர். மாரியில அது சும்மாதான் நிக்குதாம். கொண்டு போங்கோ எண்டிட்டார்."

செபமாலைமுத்துவுக்கு மூக்கில் வேர்த்தது. அப்படியென்றால் தன்னிடம் கேட்பதற்கு முன்பே அக்காவும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். லண்டனுக்கு வந்து ஏழு வருசம் ஆகப் போகிறது, பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லிக்கூடக் கேட்காத மனுசி, இப்போது ஒரேயடியாகப் பிரான்சுக்குப் போக வேண்டும் என்கிறாள். அதுவும் மாசியில், பெப்ரவரிக் குளிரில். அதுவும் வானில்.

அந்தக் காலத்து நிலவரம் தெரிந்தால்தான் அவருடைய பயம் விளங்கும். பாரிஸில் எங்கள் சனம் நிரம்பி வழிந்த காலம் அது. லண்டனில் அண்ணன் இருப்பான், புருசன் இருப்பான், தங்கச்சியோ பெண்சாதியோ விசா இல்லாமல் அந்தக் கரையில் நிற்பாள். ஏஜென்சிக்காரர்கள் ஆட்களை லொறியில் ஏற்றினார்கள், காரின் டிக்கியில் படுக்க வைத்தார்கள், சோபாவுக்குள் வைத்துத் தைத்தார்கள் என்றுகூடக் கதை. ஒரு தமிழன் கட்டில் வைத்த வானோடு, ஒருவரும் போகாத பனிக்காலத்தில், பிரான்சுக்குப் போய் வருகிறான் என்றால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? செபமாலைமுத்து மூன்று மாதத்துக்கு முன்புதான் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரு சின்னக் கறை விழுந்தாலும் எல்லாம் போச்சு. பாஸ்போர்ட் கைக்கு வந்தால் தன்னை ஒருவராலும் எங்கேயும் திருப்பி அனுப்ப ஏலாது என்ற ஒரே நினைப்பில்தான் அவர் படுத்து எழும்பினார்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பார்ப்போம் என்று இருந்தார்.

சனிக்கிழமைகளில் குசினி மேசையில் பெரிய வரைபடம் விரிந்தது. டோவரில் கப்பல் ஏறி கலேயில் இறங்கி, ரூவான், தூர், போர்தோ என்று றெஜினோல்ட் சிவப்புப் பேனையால் கோடு போட்டான். பனிக்காலத்தில் பூட்டாத, வானை நிறுத்தித் தங்குகிற முகாம் இடங்கள் எவை என்று கடிதம் எழுதிக் கேட்டான். பதில் வந்தது மூன்றிலிருந்து மட்டும். "வலப்பக்கம் ஓடவேணும் அத்தான், லைற்றில துண்டு ரேப் ஒட்டவேணும், இல்லாட்டி எதிர வாறவன்ர கண்ணில அடிக்கும்" என்று உற்சாகமாக விளக்கினான். மெற்றில்டா அரிசிமா வறுத்தாள், தூள் இடித்தாள், கருவாடு பொரித்து டின்னில் அடைத்தாள். அகதிப் பயணப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பிரெஞ்சு விசாவுக்காகக் குளிரில் வரிசையில் நின்றார்கள். பார்க்கிறவனுக்கு எவ்வளவு சந்தோசமான குடும்பம்! செபமாலைமுத்து மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார், மனதுக்குள்தான்.

முதலாவது, போர்வை. போகிறது மூன்று பேர். மெற்றில்டா புதிதாக ஆறு போர்வை வாங்கியிருந்தாள். கூடவே தடித்த பஞ்சு மெத்தைத் துண்டொன்று, ஒடுக்கமாக, ஆளுயரத்துக்கு.

இரண்டாவது, மேரிறோஸ். ரூட்டிங்கில் இருக்கிற இந்த மேரிறோஸ் மெற்றில்டாவின் கோயில் கூட்டாளி. முன்பு மாதத்துக்கு ஒருக்கால் சந்திப்பார்கள். இப்போது கிழமைக்குக் கிழமை மெற்றில்டா அங்கே போனாள். ரெலிபோனில் கதைக்கும்போது செபமாலைமுத்து வந்தால் சட்டென்று கதை பருப்பு விலைக்கு மாறும். மேரிறோஸின் தங்கச்சி ஒருத்தி எட்டு மாதமாகப் பாரிஸில் வந்து நிற்கிறாள் என்பது சட்டன் முழுக்கத் தெரிந்த விசயம்.

மூன்றாவது, வான். தை மாதக் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் கராஜுக்குப் போய் வானைப் பார்த்தார். பின்பக்கக் கட்டிலின் பலகையைத் தூக்கினால் கீழே இரண்டு பெட்டிகள் இருக்க வேண்டும். நடுத்தட்டை அறுத்து எடுத்து, இரண்டையும் ஒரே நீளப் பெட்டியாக ஆக்கியிருந்தான் றெஜினோல்ட். அவர் தன் கையால் சாண் போட்டு அளந்தார். ஆறடி. பெட்டியின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள். எண்ணினார். பன்னிரண்டு.

"இதென்ன ஓட்டை?" என்று கேட்டார்.

றெஜினோல்ட் திடுக்கிட்டுப் போனான். பிறகு வழக்கம்போலச் சிரித்தான். "சும்மா காத்துப் போகத்தான் அத்தான்."

"உடுப்புக்கு என்னத்துக்கடா காத்து?"

"பூஞ்சணம் பிடிக்காது."

பூஞ்சணமாம்! பெட்டிக்குள் போகிற சூட்டுக் குழாயையும் வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தான். உள்ளே கிடக்கிறவருக்குப் புழுங்கக் கூடாது அல்லவா? வருசக்கணக்காக வான்களுக்குள் டோர்ச் அடிக்கிற மனிதருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மேரிறோஸின் தங்கச்சிதான். கொண்டு போகும்போது வெறும் பெட்டி, வரும்போது அவள்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்வார்கள், பொய் சொன்ன பிறகு உசாராகிவிடுவார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். ஒரு நாள் மட்டும் பொறுக்க முடியாமல், "எனக்கு லீவு கிடைக்காது போல இருக்கு, நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்று போட்டுப் பார்த்தார்.

மெற்றில்டாவின் முகம் விழுந்துபோயிற்று. "ஐயோ, நீங்கள் வராட்டி நாங்கள் போய் என்ன பிரயோசனம்? நீங்கள் கட்டாயம் வரவேணும்."

ஓகோ என்று நினைத்துக்கொண்டார். வேலை உள்ள மனுசன், குற்றம் குறை இல்லாத பத்திரம். முன் சீற்றில் தன்னை இருத்தி வைத்தால் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வராது. கட்டின பெண்சாதி தன்னை ஒரு மறைப்புச் சீலையாகப் பயன்படுத்தப் பார்க்கிறாள்! அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மெற்றில்டா மீது வந்த கோபத்தைவிட, அவள் தன்னிடம் இப்படி மறைக்கிறாளே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை மதிய இடைவேளையில் கிழக்குக் குறொய்டன் ஸ்டேசனடியில் இருந்த ரெலிபோன் பெட்டிக்குள் போனார். குரல் தெரியாமல் இருக்கக் கைலேஞ்சியை வாய்க்கும் கருவிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். துறைமுக அதிகாரிகளுக்கு எடுத்து, வானின் நம்பர், திரும்பி வருகிற திகதி, கப்பல் நேரம் எல்லாவற்றையும் தன் அரைகுறை ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். கட்டிலுக்குக் கீழே பாருங்கள், துளை போட்டிருக்கிறது, ஆள் இருக்கும் என்றார். பேர் என்ன என்று மறுமுனையில் கேட்டதும் வைத்துவிட்டார்.

அவருடைய கணக்கு இதுதான். பிடிபட்டால், சொன்னவன் நான்தான் என்று அப்போது சொல்லிக்கொள்ளலாம். தன் பிரஜாவுரிமைக்குப் பழுது வராது. மெற்றில்டா பெண்பிள்ளை, எச்சரித்து விட்டுவிடுவார்கள். எல்லாம் வானை ஓட்டுகிற தம்பிக்காரன் தலையில்தான் விடியும். பார்த்தீர்களா, மனுசன் போடுகிற கணக்கை! அந்தத் தம்பிக்காரனுக்கோ வருசா வருசம் நீட்டிக்கிற தற்காலிக அனுமதி மட்டும்தான் இருந்தது.

மாசி எட்டாம் திகதி காலை வான் வீட்டு வாசலுக்கு வந்தது. சட்டி பானை, வாயுச் சிலிண்டர், தண்ணீர்க் கலன் எல்லாம் ஏறின. அப்போது மேரிறோஸும் புருசனும் காரில் வந்து இறங்கினார்கள். பின்கதவைத் திறந்து, வெள்ளைத் துணியால் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு பேருமாகத் தாங்கி எடுத்தார்கள். ஆளுயரம். இவர்கள் என்னத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

மெற்றில்டா வாசலில் வைத்தே துணியை விலக்கினாள். மெழுகுதிரி. முழங்கை மொத்தத்தில், பால் வெள்ளையில், தலைமாட்டில் நீல நாடா கட்டிய மெழுகுதிரி.

"அஞ்சடி அஞ்சங்குலம்," என்றாள். "உங்கட உயரம். நீங்கள் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திருக்கேக்க நூல் பிடிச்சு அளந்தனான்."

"என்னத்துக்கு?"

"எண்பத்தஞ்சில நேர்ந்தது. நீங்கள் உயிரோட வந்தா உங்கட அளவில மெழுகுதிரி கொண்டுவந்து லூர்தில கொளுத்துறன் எண்டு."

எண்பத்தைந்தில் மன்னாரில் ஒரு விடியற்காலை ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்க விட்டான். ஜீப்பில் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் ஆள் லொறியில். தலையாட்டி என்று சனம் சொல்கிற அந்தக் காட்டிக்கொடுப்பவன், ஒரு குற்றமும் செய்யாத செபமாலைமுத்துவைப் பார்த்துத் தலையாட்டினான். பதின்மூன்று மாதம். முகாமில் என்ன நடந்தது என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தக் கதையை இனி இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று வெளியே வந்த முதல் நாளே மெற்றில்டாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"நீங்கள்தான் அந்தக் கதை கதைக்கக் கூடாதெண்டு சொன்னனீங்கள். பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?" மெற்றில்டா கண்ணைத் துடைத்தாள். "லூர்தில பெரிய திரியெல்லாம் விக்குதுதான். அது அவையின்ர அளவு. நேர்ந்தது உங்கட அளவு. அதுதான் கிழமைக்குக் கிழமை மேரிறோஸ் வீட்டில இருந்து வார்த்தனாங்கள். போர்வையால சுத்தி, உடையாம வளையாமக் கொண்டுபோகத்தான் றெஜி பெட்டியை வெட்டினவன். சூடு பட்டா உருகிப்போமெண்டு குளிர்காத்து வர ஓட்டையும் போட்டவன். பாவம், மூண்டு ஞாயித்துக்கிழமை நிண்டு செய்தவன்."

றெஜினோல்ட் சிரித்துக்கொண்டு நின்றான்.

பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு செபமாலைமுத்து தெருமுனைக்கு ஓடாத குறையாகப் போனார். ரெலிபோன் பெட்டிக்குள் நுழைந்து அதே நம்பரை எடுத்தார். மறுமுனையில் குரல் வந்தது. என்ன சொல்வது? நான் முந்திச் சொன்னது பொய், அந்த வானில் ஒன்றுமில்லை என்றா? களஞ்சிய வாசலில் எவனாவது வந்து, அந்த வானில் ஒன்றுமில்லை, அதை விடுங்கள் என்று சொன்னால் அவர் முதலில் திறப்பது அந்த வானைத்தான். கருவியை வைத்துவிட்டார். ஒரு விசர் ஆளின் பேச்சென்று அவர்கள் அன்றைக்கே மறந்திருப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, பால் வாங்காமல் திரும்பி வந்தார்.

பயணம் குளிரும் வெறுமையுமாக இருந்தது. வழியெல்லாம் கடைகள் பூட்டு, முகாம் இடங்களில் இவர்களைத் தவிர வேறு ஈ காக்கை இல்லை, ஓரிடத்தில் தண்ணீர்க் குழாயே உறைந்துபோய் இருந்தது. மெற்றில்டா அதொன்றையும் பொருட்படுத்தவில்லை. வானுக்குள் புட்டு அவித்தாள், மாதா பாட்டுப் படித்தாள், இருபது வயதுப் பெண்பிள்ளை மாதிரி இருந்தாள். பதினோராம் திகதி லூர்தில் மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்து, அவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். உயரம் மயிரிழை பிசகவில்லை. அவள் திரியைப் பற்றவைத்ததும் செபமாலைமுத்து வாய்விட்டு அழுதார். நன்றிக் கண்ணீர் என்று நினைத்து அவளும் கூட அழுதாள்.

பதினாலாம் திகதி காலைக் கப்பலில் டோவர் வந்து இறங்கினார்கள். கோடையாக இருந்திருந்தால் ஆயிரம் வண்டிகளுக்குள் ஒன்றாகப் போயிருக்கலாம். அன்றைக்கு அந்தக் கப்பலிலிருந்து இறங்கிய வாகனம் முப்பதுகூட இராது. ஒரு அதிகாரி நம்பரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், ஓரமாக வரச் சொன்னார்.

நான்கு பேர் வந்தார்கள். அலுமாரியைத் திறக்கவில்லை, பையைத் தொடவில்லை. நேரே பின்பக்கம் போய்க் கட்டில் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே ஆறு போர்வையும் பஞ்சு மெத்தையும் கிடந்தன. ஒருவர் குனிந்து துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் மூன்று அறைக்குக் கூட்டிப் போனார்கள். ஆளை எங்கே இறக்கினீர்கள், எவ்வளவு பேரை இப்படிக் கொண்டு வந்தீர்கள், துளை எதற்கு? மெழுகுதிரிக்கு என்று மூன்று பேரும் மூன்று அறையில் சொன்னார்கள். மெழுகுதிரிக்குக் காற்று எதற்கு என்று அவர்கள் திரும்பக் கேட்டார்கள். செபமாலைமுத்து அதே கேள்வியைக் கராஜில் கேட்டவர். சொன்னவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம் என வைத்திருந்த வசனத்தை அவர் எடுக்கவே இல்லை. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, மரியாதையாகவே, போகலாம் என்றார்கள். றெஜினோல்ட்டின் பத்திரத்தை மட்டும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

வானை எடுக்கும்போது றெஜினோல்ட்டின் முகத்தில் சிரிப்பு இல்லை. துறைமுகம் தாண்டி வான் மேட்டில் ஏறியது.

"நேரா கட்டிலுக்குத்தான் வந்தவங்கள்," என்றாள் மெற்றில்டா. "ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். ஓட்டை இருக்கிறதும் தெரிஞ்சிருக்கு. தம்பி, கராஜில ஆருக்கும் சொன்னனியே?"

"இல்லை அக்கா."

"உனக்கு வாய் நிக்காது. ஆருக்கோ புளுகியிருக்கிறாய். நாங்கள் இப்பிடிச் செய்யிறம், அப்பிடிச் செய்யிறம் எண்டு."

"மாதா அறிய ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா. எனக்கு வாற மாசம் விசா நீட்ட வேணும். நானே எனக்குச் செய்வனே?"

"அப்ப ஆரடா? உன்னைத் தவிர ஆருக்குத் தெரியும்?"

றெஜினோல்ட்டின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்காமல் ஓட்டினான். செபமாலைமுத்து வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் தலையில் அது தானாகவே விழுந்துவிட்டது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கன்டர்பரி ஊர்ப் பலகை வரும்வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"அவனை ஏசாதையும் மெற்றில்டா," என்றார் பிறகு. "நான்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் போன் எடுத்துச் சொன்னனான். மெழுகுதிரி எண்டு எனக்குத் தெரியாது. ஆளெண்டு நினைச்சிட்டன்."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்கட பேர் சொன்னனீங்களோ?"

"இல்லை."

அவள் தலையைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"அண்டைக்கு உங்களைப் பார்த்துத் தலையாட்டினவன் ஆரெண்டு கடைசிவரைக்கும் தெரியேல்லை. அவனுக்கும் வீட்டில ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டு அவள் என்னெண்டு அவனுக்குச் சோறு போட்டவளெண்டு நான் எத்தினையோ நாள் இருந்து யோசிச்சிருக்கிறன்."

றெஜினோல்ட் சட்டன் வரைக்கும் வானை நிறுத்தாமல் ஓட்டினான்.

வீட்டுக்குள் வந்ததும் மெற்றில்டா கோட்டைக் கழற்றாமலே அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். பருப்பு வேகும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று சோற்றுக் கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தாள். தம்பிக்குப் போட்டு, அவன் தலையைத் தடவிவிட்டாள். பிறகு கரண்டியோடு புருசனின் பக்கம் வந்தாள். சோறு போட்டாள், கறி விட்டாள். கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, போதுமோ என்று கேட்கவில்லை.